பேனர் முந்திக்கொண்டது

நான் எஞ்சினியர் ஆவதற்குப் பல வருடம் முன்னாலேயே எங்கள் தேயிலைத் தோட்டம் என்னை எஞ்சினியர் ஆக்கிவிட்டது. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி வந்த கிழமையே, டிக்கோயாவிலிருந்து வரும் பஸ் எங்கள் தோட்டத்துக்குத் திரும்பும் முடக்கில், கோயில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் பேனர் ஏறிவிட்டது. அதில் என் பாடசாலைப் படம். இரட்டைப் பின்னலும் முன்னுக்கு நீட்டிய காதுகளுமாக, ஆள் உயரத்துக்குப் பெருப்பித்திருந்தார்கள். எனக்குப் பின்னால் எந்த நாட்டிலோ இருக்கிற ஒரு தொங்குபாலம். தலைக்கு மேல் காற்றில் ஒரு மஞ்சள் தொப்பி. கீழே பெரிய எழுத்தில், 'எங்கள் தோட்டத்தின் முதல் பொறியியலாளர்.'

அந்தப் பேனரில் பாலம் மட்டுமல்ல, இன்னொன்றும் என்னுடையது இல்லை. அது அந்தப் பட்டம்தான்.

எனக்குக் கிடைத்தது பொறியியல் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு. பொறியியல் வேறு, பொறியியல் தொழில்நுட்பம் வேறு. பாடசாலையின் உயர்தர வகுப்பில் இணைந்த கணிதம் படித்தவர்கள் முன்னதுக்குப் போவார்கள், படித்து முடித்தால் பொறியியலாளர். தொழில்நுட்பப் பிரிவில் படித்தவர்கள் பின்னதுக்குப் போவார்கள், முடித்தால் தொழில்நுட்பவியலாளர். எங்கள் பாடசாலையில் இணைந்த கணிதம் படிப்பிக்க ஆள் இல்லை. ஒருவர் வந்தார், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அடுத்த தவணைக்குள் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதனால் எனக்கு முன்னால் இருந்த ஒரே கதவு தொழில்நுட்பப் பிரிவு. அதில் நுழைந்தேன், நன்றாகவே படித்தேன், இடமும் கிடைத்தது. வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் இல்லாத பட்டத்தைத் தூக்கித் தலையில் வைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? எனக்குச் சாதாரணமாகவே கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும்.

பேனருக்குக் கீழே என்னை நிற்க வைத்துப் படம் எடுக்க எல்லோரும் காத்திருந்தார்கள். பொன்னாடையோடு தோட்டத்துத் தலைவரும் வந்திருந்தார். தலைவர் என்றால் எங்கள் டிவிசனின் தொழிற்சங்கத் தலைவர். சம்பளப் பேச்சிலிருந்து சாவு வீடுவரைக்கும் அவர் இல்லாமல் எதுவும் நடக்காது.

"மாமா, நான் எஞ்சினியருக்குப் படிக்கப் போகலீங்க. இது எஞ்சினியரிங் டெக்னாலஜி" என்றேன்.

"எஞ்சினியரிங்னு அதுல இருக்குல்ல?"

"இருக்குங்க. அதுக்குப் பின்னாடி டெக்னாலஜின்னு இருக்கு."

"பின்னாடி ஆயிரம் இருக்கட்டும்மா. முன்னாடி என்ன இருக்குன்னுதானே பாக்கணும்" என்று பொன்னாடையைப் போர்த்தினார்.

நான் படத்துக்கு நிற்கவில்லை. பொன்னாடையை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று எங்கள் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்கு இறங்கிவிட்டேன். அம்மா பின்னாலேயே வந்தாள். மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்துவிட்டு, பாதி நாள் பேரில், அரைச் சம்பளத்துக்கு இறங்கி, புதுச் சேலை கட்டி வந்திருந்தாள். "ஒரு போட்டோவுக்கு நின்னா ஒன் காலு தேஞ்சா போயிரும்?" என்று அன்றிரவு சாப்பாடு முடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பா கொழும்பில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை. அவருக்கும் போன் போட்டுச் சொன்னாள். அப்பா, "சரி விடு, புள்ள களைச்சிருக்கும்" என்றார். அப்பாவுக்கு எதற்கும் அந்த ஒரே பதில்தான்.

அதற்குப் பிறகு நான் லீவில் வரும்போதெல்லாம் எஞ்சினியர் வேலைதான். ஒரு வீட்டு ரைஸ்குக்கர் வேலை செய்யாது. இன்னொரு வீட்டில் டிஷ் அன்டெனாவைத் திருப்ப வேண்டும். திருவிழா நேரத்தில் கோயில் ஸ்பீக்கர் கீச்சிட்டால், பூசாரி மணியை வைத்துவிட்டு என்னைத் தேடுவார். நான் படிப்பது கட்டடமும் வீதியும் என்று சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். 'எஞ்சினியர் பிள்ள' என்று கூப்பிட்டார்கள். நான் 'இல்லீங்க' என்றேன். அவர்கள் அடுத்த நாளும் அப்படியே கூப்பிட்டார்கள்.

படிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். கொங்கிரீட்டைக் கலந்து, அது நிற்கிறதா சரிகிறதா என்று பார்ப்பது பிடித்தது. லெவல் கருவியின் கண்ணாடி வழியே பார்த்தால் எதிர்ப்பக்க மலைகூட ஒழுங்காக நிற்பதுபோலத் தெரியும். கை அழுக்காகிற படிப்பு அது. முடித்த கையோடு ஹட்டன் பக்கத்தில் வீதி அகலமாக்கும் வேலை ஒன்றில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தேன். வீட்டிலிருந்தே போய் வரலாம். பொறியியலாளர் வரைந்து கொடுப்பதை நான் தரையில் அளந்து குறித்துக் கட்டுவிப்பேன். அவர் ஒரு சிங்களப் பெண், என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். காலையில் வரைபடத்தை என் கையில் தந்துவிட்டு, "சந்தேகம் இருந்தால் இப்போதே கேள். கட்டிய பிறகு கேட்காதே" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார். எனக்குச் சந்தேகம் அதிகம் வந்ததில்லை. கட்டுவது எனக்குத் தெரியும்.

அந்த வருட மழை விடாமல் பெய்தது. ஒரு விடியற்காலை எங்கள் லயத்துக்குப் பின்னால் மேட்டிலிருந்து மண் சரிந்து, கடைசி இரண்டு வீட்டுக் குசினிச் சுவர்வரை வந்து நின்றது. அதில் ஒன்று எங்கள் வீடு. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சுவர் ஓரமாக வைத்திருந்த விறகும் பக்கத்து வீட்டுக் கோழிக்கூடும் மட்டும் மண்ணுக்குள் போயின. கோழிகள் கூரையில் ஏறித் தப்பிவிட்டன. மேட்டில் இன்னும் மண் நின்றது. மழை இறங்கினால் அதுவும் வரும். எல்லோரும் வீட்டிலிருந்த பிளாஸ்டிக் விரிப்பு, உரப்பை எல்லாம் கொண்டுவந்து மூடினார்கள். போதவில்லை. அப்போது அம்மா விறகுப் பரணில் மடித்து வைத்திருந்த பேனரை எடுத்து வந்து விரித்தாள். நல்ல தடித்த பேனர். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்காது.

அதற்குப் பிறகு காலையில் முகம் கழுவப் பின்பக்கம் வந்தால், மேட்டில் நானே படுத்துக்கொண்டு என்னைப் பார்ப்பேன். நெற்றியில் ஒரு கல், 'பொறியியலாளர்' மேலே இரண்டு கல். பக்கத்து வீட்டு அக்கா, "எஞ்சினியரு மலைய தாங்கிக்கிட்டு இருக்கு" என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தலைவர் வந்தார். பிரதேச சபையில் பேசி, தாங்குமதில் கட்டக் கல்லும் சீமெந்தும் தர ஒத்துக்கொள்ள வைத்திருந்தார். வேலையை லயத்து ஆட்களே செய்வது என்று முடிவு. ஒரேயொரு நிபந்தனைதான். மதில் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு பொறியியலாளர் பார்த்து வரைந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் தாளையும் கொண்டுவந்திருந்தார், பேனாவையும் கொண்டுவந்திருந்தார்.

"என்னால போட முடியாதுங்க மாமா."

"ஏன்?"

"நான் எஞ்சினியர் இல்லீங்க. அன்னைக்கே சொன்னேனே."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு திறந்திருந்த பின்கதவு வழியாக மேட்டிலிருந்த பேனரைப் பார்த்தார். "கொழும்புக்காரன் கேட்டா போடுவ. ஒங்க லயத்துக்குன்னா போட மாட்ட" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார். அம்மா ஊற்றி வைத்த தேத்தண்ணி அப்படியே இருந்தது.

அவர் சொன்னது அநியாயம். ஆனால் என்னைச் சுட்டது அது இல்லை. சட்டப்படி கையெழுத்துப் போட முடியாது என்பது ஒரு பக்கம். போடலாம் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த மதிலின் அடி எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. மதில் கட்டத் தெரியும். கல்லை எப்படி அடுக்குவது, கலவை எப்படிப் போடுவது எல்லாம் தெரியும். அது எவ்வளவு தாங்கும் என்று யாராவது கேட்டால், வழக்கமாக இப்படித்தான் போடுவோம் என்பேன். நான் படுத்துத் தூங்கும் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற மேடு அது. அதற்கு 'வழக்கமாக' என்ற பதில் போதாது.

என் வேலைத்தளத்துப் பொறியியலாளரைக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்தார். மழைக்கோட்டும் முழங்கால்வரை சப்பாத்துமாக மேட்டில் ஏறி, தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்றுதான் முதலில் பார்த்தார். மண்ணை எடுத்துக் கையில் உருட்டினார். கீழே இறங்கி வந்து, "அடி எவ்வளவு போடலாம் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டார்.

"இரண்டரை அடி."

"ஏன்?"

நான் மேட்டைப் பார்த்து விழித்தேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிக்கப்பின் பொனட்டில் தாளை வைத்து, மண்ணின் பாரம், மேட்டின் சாய்வு, தண்ணீர் எல்லாவற்றையும் போட்டுக் கணக்குப் பார்த்தார். என் இரண்டரை அடி போதாது, நாலடி வேண்டும். நான் சொன்ன மதில் அடுத்த பெருமழைக்கே முன்னால் சாய்ந்திருக்கும். மேட்டுக்கு மேலே ஒரு கான் வெட்டித் தண்ணீரைத் திருப்ப வேண்டும், மதிலுக்குள் குழாய்கள் வைக்க வேண்டும் என்று வரைந்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தலைவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மதில் கட்டினோம். நான்தான் நின்று கட்டுவித்தேன். அந்த வேலையில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. முடிந்ததும் அம்மா பேனரை எடுத்துக் கழுவிக் காயவைத்து, மறுபடியும் பரணில் மடித்து வைத்தாள். என்னால் மட்டும் அந்த 'ஏன்' என்பதை மடித்து வைக்க முடியவில்லை.

என்னோடு படித்த ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் அனுப்பினாள். கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில், வேலை செய்துகொண்டே படிக்கும் பொறியியல் பட்டப்படிப்பு. எங்கள் மாதிரித் தொழில்நுட்பப் பட்டம் முடித்தவர்களும் சேரலாம். கணிதத்தில் ஒரு பரீட்சை, பிறகு நேர்முகப் பரீட்சை. ஏற்கெனவே படித்ததில் எவ்வளவை ஏற்றுக்கொள்வது என்று அவர்களே முடிவு செய்வார்கள். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டால் நடுவில் சேர்ந்து மூன்று வருடத்தில் முடிக்கலாம். ஏற்காவிட்டால் முதலிலிருந்து, வேலையோடு சேர்த்துப் படித்தால் ஆறு ஏழு வருடம் போகும்.

அம்மாவிடம் சொல்லப் பயமாக இருந்தது. அவள் மலையிலிருந்து வந்து, காலில் ஏறிய அட்டைக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தேன்.

"அம்மா, நான் எஞ்சினியருக்குப் படிக்கப் போறேன்."

"படிச்சிட்டியே."

மறுபடியும் முதலிலிருந்து எல்லாம் சொன்னேன். தொழில்நுட்பம், பொறியியல், கையெழுத்து, பொனட்டில் போட்ட கணக்கு. அம்மா உப்பைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்ப நீ இப்ப கண்டாக்கு" என்றாள்.

கண்டாக்கு என்றால் தொரைக்கு, அதாவது தோட்ட முகாமையாளருக்குக் கீழே மலையில் வேலையை நடத்துகிற உத்தியோகத்தர். எனக்கு உடனே பிடிபடவில்லை.

"நம்ம கண்டாக்கையாவ எடுத்துக்க. எந்த மலைய எப்ப கவ்வாத்து வெட்டணும், எங்க தண்ணி நிக்கும், அம்புட்டும் அத்துப்படி. ஆனா நேத்து வந்த சின்னதொரை முன்னாடி தொப்பிய கையில புடிச்சிக்கிட்டுத்தான் நிக்கிறாரு. இன்னும் முப்பது வருசம் வேல செஞ்சாலும் அவரு கண்டாக்குதான். தொரை ஆக முடியாது. பங்களாவுக்குப் போனாலும் பக்கத்து வாசல்தான். அதானே சொல்ற?"

"அதேதாம்மா."

"இத மொதல்லயே இப்புடிச் சொல்ல வேண்டியதுதானே. டெக்னாலஜி டெக்னாலஜின்னா நான் என்னத்தக் கண்டேன்."

பேனர் ஏறிய நாளிலிருந்து ஊர் முழுக்கச் சொல்லித் தோற்ற விஷயம் இது. எங்கள் தோட்டத்தில் பிறந்த ஒருவருக்கும் இதை விளக்கவே தேவையில்லை என்பது எனக்குத்தான் விளங்காமல் இருந்திருக்கிறது. கணக்கப்பிள்ளைக்கும் கண்டாக்குக்கும் நடுவில் என்ன இருக்கிறது, கண்டாக்குக்கும் தொரைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனாலும் அம்மாவிடம் ஒன்று சொன்னேன். எனக்குப் பங்களா முன்வாசல் ஒன்றும் வேண்டாம். கண்டாக்கு வேலை தாழ்ந்த வேலையும் இல்லை. அந்தக் கணக்கு எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் வரும்" என்றாள் அம்மா. "எத்தன வருசம்?"

"சேத்துக்கிட்டா மூணு. மொதல்லேருந்துன்னா ஆறு, ஏழு."

அம்மாவுக்கு அடுத்த வருடத்தோடு தோட்டத்தில் வேலை முடிகிறது. அப்பாவுக்குக் குசினி வெக்கையில் நெஞ்சு இரைக்க ஆரம்பித்திருந்தது. என் சம்பளத்தில் பாதியைப் படிப்பு விழுங்கும். இதையெல்லாம் நாங்கள் பேசவில்லை. இருவருக்கும் தெரியும்.

"மூணுன்னா சமாளிக்கலாம்" என்றாள். "ஆறு ஏழுன்னா முடியாது பாப்பா."

"எனக்கும் தெரியும்மா."

அப்படியென்றால் எல்லாம் அந்தக் கணிதத்தில் இருந்தது. உயர்தரத்தில் எனக்குக் கிடைக்காமல் போன அதே கணிதம். பன்னிரண்டாம் வகுப்பு இணைந்த கணிதப் புத்தகத்தை ஹட்டனில் ஒரு பிள்ளையிடம் இரவல் வாங்கி, காலையில் வேலைக்குப் போகும்முன் உட்கார்ந்தேன். எங்கள் லயத்தில் போன் சிக்னல் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் மட்டும்தான் கிடைக்கும். குடையைத் தோளில் சாத்திக்கொண்டு அங்கே நின்று பாடம் பார்த்தேன். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்குப் போகிறவர்கள் என்னைத் தாண்டிப் போவார்கள். "எஞ்சினியருக்கு இன்னும் படிப்பு முடியல போல" என்று ஒருவர் சொல்ல, "பெயிலாகியிருக்கும். திரும்ப எழுதுது, பாவம்" என்று இன்னொருவர் இரக்கப்பட்டார். காதில் விழட்டும் என்றுதான் சொன்னார்கள். திரும்பி நின்று சண்டை போட வாய் துறுதுறுத்தது. வீடியோ ஓடிக்கொண்டிருந்ததால் தப்பித்தார்கள்.

வகையீடு ஒருவழியாக வந்தது. தொகையீடு வரவே இல்லை. சூத்திரத்தைப் பாடமாக்கினேன், அடுத்த நாள் மறந்தேன். ஒரு நாள் புத்தகத்தைத் தூக்கி எறிந்தேன். அது போய் அடுப்படியில் விழுந்தது. அம்மா எடுத்துச் சாம்பலைத் தட்டி, அரிசி வாளிமேல் வைத்தாள். நான் பின்பக்கம் போய் மதிலுக்கு முன்னால் நின்றேன். மேலே மண்ணின் அழுத்தம் குறைவு. கீழே போகப் போகக் கூடும். ஒவ்வொரு வரிக் கல்லும் வேறு வேறு அளவில் தாங்குகிறது. மேலிருந்து அடிவரை அத்தனையையும் ஒன்றாகக் கூட்டினால்தான் மதில்மேல் வரும் மொத்தத் தள்ளல். அன்றைக்கு பொனட்டில் அவர் செய்தது இதைத்தான். தொகையீடு என்று புத்தகம் சொல்வதும் இதைத்தான். உள்ளே ஓடிவந்து, சாம்பல் வாசம் அடிக்கிற பக்கத்தைத் திறந்து, அதே கணக்கை மறுபடியும் போட்டேன். விடை வந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாருக்கு" என்றாள். ஏதோ புதுச் சட்டையைப் பார்த்துச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். எனக்கு அது போதும்.

பரீட்சையில் தேறினேன். பெரிய புள்ளி இல்லை, ஆனால் தேறினேன். நேர்முகப் பரீட்சைக்கு முதல் நாளே ரயிலில் கொழும்புக்குப் போய், அப்பா வேலை செய்யும் ஹோட்டலுக்குப் பக்கத்தில் ஒரு உறவுக்காரர் வீட்டில் தங்கினேன். அடுத்த நாள் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று விரிவுரையாளர்கள். நடுவில் இருந்தவர் என் பெறுபேறுகளைப் புரட்டிவிட்டு, "உங்களுக்கு வேலை இருக்கிறது. பிறகு ஏன் இது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அழகான பதில் ஒன்றை நான் மனப்பாடம் செய்து போயிருந்தேன். அது ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. வாயில் வந்தது மதில். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மண் சரிந்ததையும், நான் இரண்டரை அடி என்றதையும், ஏன் என்று கேட்டபோது விழித்ததையும் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

"இப்போது தெரியுமா, ஏன் என்று?"

ஒரு தாள் கேட்டேன். வரைந்தேன். கணக்கைக் கடைசிவரை போட்டு, "இரண்டரை அடி போட்டிருந்தால் சாய்ந்திருக்கும்" என்றேன். ஓரத்தில் இருந்தவர் தாளைத் திருப்பிப் பார்த்து, ஓரிடத்தில் அலகு பிழை என்று காட்டினார். திருத்தினேன். வெளியே இருக்கச் சொன்னார்கள்.

வெளியே ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தேன். முதலிலிருந்து படிக்கச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும், அழக்கூடாது என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டேன். மறுபடியும் கூப்பிட்டார்கள். படித்தவற்றை ஏற்றுக்கொள்கிறோம், இரண்டு பாடம் மட்டும் கூடுதலாக எடுக்க வேண்டும், நடுவில் சேரலாம் என்றார்கள். நான் நன்றி சொன்னேனா என்றே நினைவில்லை. கதவைத் தாண்டியதும் அழுதேன். கட்டளையெல்லாம் போன இடம் தெரியவில்லை. அப்போதுதான் காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே தெரிந்தது.

அம்மாவுக்குப் போன் போட்டேன். கொழுந்து நிறுக்கிற நேரம். பின்னால் ஒரே சத்தம்.

"மூணா, ஆறா?" என்றாள். ஹலோகூடச் சொல்லவில்லை.

"மூணும்மா."

அவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்களிடம் "மூணாம்!" என்று சொல்வது கேட்டது. "என்னாடி மூணு?" என்று யாரோ கேட்டார்கள். அதற்கு அம்மா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

மூன்று வருடம் லேசாகப் போகவில்லை. கிழமை நாளில் வேலை, வார இறுதியில் கொழும்பு, ரயிலில் தூக்கம். அம்மாவின் வேலை முடிந்தது. அப்பா ஹோட்டலை விட்டு வீட்டுக்கு வந்தார். ஊரில் என்மேல் இருந்த இரக்கம் மட்டும் குறையவே இல்லை. பெயிலான பிள்ளை இன்னும் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறது என்று கோயிலில் எனக்காக ஒரு அர்ச்சனைகூட நடந்தது. திருநீறும் வீட்டுக்கு வந்தது. வாங்கிப் பூசிக்கொண்டேன்.

கடைசிப் பெறுபேறு வந்த அன்று தலைவரே வீட்டுக்கு வந்தார். அந்த மதில் விஷயத்துக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் படி ஏறியது அப்போதுதான். அம்மாவே போய்ச் சொல்லியிருக்கிறாள். கண்டாக்கு, தொரை எல்லாம் சேர்த்துத்தான் சொல்லியிருப்பாள்.

"இப்ப நெசமாவே எஞ்சினியரு?" என்றார்.

"ஆமாங்க மாமா."

"அன்னைக்குக் கேட்டனே, அந்தக் கையெழுத்து. இப்பன்னா போடுவியா?"

"கொஞ்ச வருசம் வேல செஞ்சு, அதுக்கும் ஒரு பதிவு எடுக்கணுங்க. ஆனா என்ன போடணும், ஏன் போடணும்னு இப்பச் சொல்லுவேன். அடி நாலடி."

அவர் பின்கதவு வழியாக மதிலைப் பார்த்தார். தலையாட்டினார். அம்மா வைத்த தேத்தண்ணியை இந்த முறை முழுக்கக் குடித்தார். "பேனரு ஒண்ணு அடிக்கணும்" என்றார்.

"வேணாம்" என்றாள் அம்மா. பரணில் ஏறி, மடித்து வைத்திருந்த பழைய பேனரை இறக்கினாள். தரையில் விரித்தோம். ஓரத்தில் மண்கறை போகாமல் இருந்தது. என் நெற்றியில் கல் அழுந்திய தழும்பு. இரட்டைப் பின்னல், காதுகள், ஏதோ நாட்டுப் பாலம், காற்றில் மஞ்சள் தொப்பி. தலைவர் குனிந்து கடைசிவரை வாசித்தார்.

"ஒரு எழுத்துகூட மாத்த வேண்டியதில்லையே" என்றார்.

அடுத்த நாள் காலை பேனர் அதே முடக்கில் ஏறியது. அம்மா அன்றைக்குக் கட்டிய அதே சேலையைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் படியேறிப் போனாள். அப்பா படம் எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தார். நான் போய் அதற்குக் கீழே நின்றேன்.